கவரும் சம்பளமும்

இதழியல் படிக்கும் தம்பி, தங்கைகளே,

பிரஸ் மீட் முடிந்ததும் வாசலில் ஒருவர் நிற்பார். கையில் பத்திரிகைக் குறிப்பு, அதனுள்ளே ஒரு கவர். 1996இல் நான் தாலுகா நிருபராக இருந்தபோது அப்படி வந்த ஒரு கவரில் இருநூறு ரூபாய் இருந்தது. என் நாளிதழ் எனக்குத் தந்தது சென்டிமீட்டர் கணக்கு, அதாவது அச்சான செய்தியின் நீளத்தை அளந்து காசு. செய்தி அச்சானால் காசு, இல்லையென்றால் இல்லை. பெட்ரோலும் போட்டோவும் என் செலவு. அந்தக் கவர் என் மாத வருமானத்தில் பாதி.

நான் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் வாங்கினார். என் மனைவி பள்ளி ஆசிரியை. ஒன்றாம் தேதி வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்துவிடும். அந்த நண்பர் வீட்டில் அது கிடையாது. அவரைவிட நான் நேர்மையானவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நிருபர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்கிறது, பத்திரிகைகளின் நெறிமுறையைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சில். சரியான விதி, நானும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த விதியைச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு, உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறோமா? 1955இல் வந்த சட்டம் அது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. இன்று இணையதள டெஸ்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ், பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தை நிர்ணயிக்க அமைந்ததுதான் மஜீதியா ஊதியக் குழு. அதன் பரிந்துரையை அரசு 2011 நவம்பரில் அறிவித்தது. நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பரிந்துரை செல்லும் என்றது. அப்புறமும் பல இடங்களில் சம்பளம் ஏறவில்லை. அந்தப் பரிந்துரையில் இருந்த '20(ஜே)' என்ற ஒரு பிரிவைக் காட்டி, 'எனக்குப் பழைய சம்பளமே போதும்' என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எந்த மனிதன் தானாக வந்து அப்படி எழுதிக் கொடுப்பான்? குழு நிர்ணயித்ததைவிடக் குறைத்துக் கொடுக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை என்று 2017 ஜூனில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒப்பந்த ஊழியருக்கும் அந்தச் சம்பளம் உண்டு என்றது. அதற்குள் எத்தனையோ பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

கவர் என்பது கீழ்மட்டத்தில் நிற்கும் நிருபரோடு முடிகிற விஷயமும் அல்ல. 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களுக்குச் சில பத்திரிகைகள் செய்தி இடத்தையே விலை பேசி விற்ற கதையை பிரஸ் கவுன்சிலின் துணைக் குழு விசாரித்து எழுதியது. அந்தப் பணம் நிருபரின் சட்டைப்பைக்கு வந்ததல்ல.

இப்போது வாசகர் போனில் படிக்கிறார். நோட்டிபிகேஷன் பார்த்து, தலைப்பைப் பார்த்து, அடுத்ததற்குப் போய்விடுகிறார். என்னிடம் படித்த ஒரு பெண் சொன்னாள்: "ஒரு ஷிப்டுக்குப் பதினைந்து செய்தி சார். எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும்." ஒரு நாள் தற்கொலைச் செய்தி. எப்படி இறந்தார் என்பதைத் தலைப்பில் போடக் கூடாது, பரபரப்பாக்கக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019இல் ஏற்ற நெறிமுறை அவளுக்கு மனப்பாடம். எழுதியும் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் தலைப்பை மாற்றிவிட்டார்கள். எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு மூன்று மாத ஒப்பந்தம், அந்த வாரம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். பதவிப் பெயரைப் பாருங்கள். சில இடங்களில் 'கன்டென்ட் எக்ஸிகியூட்டிவ்' என்று போடுவார்கள். 'உதவி ஆசிரியர்', 'நிருபர்' என்று போடச் சொல்லுங்கள். 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, டிஜிட்டல் ஊடகத்தில் இருப்பவரையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்கிறது. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.