இரண்டு காசில் ஒன்று

(ஆதரவற்றோர் உடல்களை அடக்கம் செய்யும் தன்னார்வலர்களின் ஆண்டுக் கூடுகையில், பாகிஸ்தானின் மனிதநேயத் தொண்டர் அப்துல் சத்தார் ஈதி நினைவாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இந்த வேலையில் என்னோடு தோள் கொடுக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, நினைவுப் பேச்சுக்கு நம்ம ஊர்ல ஆளே கிடைக்கலையா? போயும் போயும் பாகிஸ்தான்காரரா?" கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தம்பி, ஈதி பிறந்தது குஜராத்தில். கத்தியவார்ப் பகுதியில் பாந்த்வா என்று ஒரு சின்ன ஊர். வருடம் 1928. காந்தி பிறந்த போர்பந்தரும் அதே கத்தியவார்தான். ஜின்னாவின் பூர்வீகமும் அங்கேதான். 1947-ல் கோடு போட்டார்கள். பத்தொன்பது வயதுப் பையன் குடும்பத்தோடு கராச்சிக்குப் போய் இறங்கினான். தெருத்தெருவாகப் பென்சில், தீப்பெட்டி விற்றான். அவ்வளவுதான் அவர் பாகிஸ்தான்காரர் ஆன கதை.

ஈதி என்ற பெயர் நம் மேடைப் பேச்சாளர்கள் கையில் கிடைத்தால் விடுவார்களா? ஈதல், ஈகை என்று குறளுக்குப் போய்விடுவார்கள். நானும் நேற்று ராத்திரி அப்படித்தான் ஒரு பக்கம் எழுதிவைத்தேன், காலையில் கிழித்துப் போட்டேன். ஓசை ஒத்துப்போவது தற்செயல்.

அவருடைய அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடம் போகும் மகனுக்குத் தினமும் இரண்டு காசு கொடுப்பாராம். ஒன்று உனக்கு, ஒன்று உன்னைவிட இல்லாதவனுக்கு. சாயங்காலம் வந்ததும் கணக்குக் கேட்பார். இரண்டையும் பையனே தின்று தீர்த்திருந்தால் திட்டு விழும். நம் வீடுகளில் என்ன சொல்லி வளர்த்தார்கள்? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். அந்த அம்மா மிஞ்சுவதற்குக் காத்திருக்கவில்லை. கையில் காசு விழும்போதே பாதி அடுத்தவனுடையது என்று பிரித்துவிட்டார். பையனுக்குப் பதினோரு வயதானபோது அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் மகன்தான். பத்தொன்பது வயதில் அம்மாவை இழந்தார். நோயாளியின் உடம்பைத் தொடக் கூசாத கை அங்கேயே பழகிவிட்டது.

கராச்சியில் மேமன் என்ற முஸ்லிம் வணிகச் சமூகத்தார் ஒரு மருந்தகம் நடத்தினார்கள். ஈதியும் மேமன்தான். அங்கே தொண்டு செய்யப் போனார். மேமன்களுக்கு மட்டும்தான் மருந்து என்று தெரிந்ததும், "ஏன் நம்மவங்களுக்கு மட்டும்?" என்று கேட்டார். கேட்டவர் வெளியே வந்தாக வேண்டியதாயிற்று. அந்தக் கேள்விக்கு அவர் தன் ஆயுள் முழுக்க விலை கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். 1951-ல் மீட்டாதர் என்ற நெரிசலான பேட்டையில் சின்னதாக ஓர் இடம் பிடித்துத் தானே ஒரு மருந்தகம் திறந்தார். ராத்திரியில் வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சிலேயே படுத்துக்கொள்வார். நடுச்சாமத்தில் யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக.

1957-ல் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ கராச்சியைப் போட்டு வாட்டியது. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு மருந்து கொடுத்தார். அதைப் பார்த்த ஒரு வியாபாரி பணம் கொடுக்க, அதில் பழைய வேன் ஒன்று வாங்கினார். அதற்கு 'ஏழையின் வண்டி' என்று பெயர் வைத்து, தானே ஓட்டினார். அந்த ஒரு வண்டிதான் பிறகு ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகி, உலகின் மிகப் பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நமக்கு 108 மாதிரி அங்கே 115. வித்தியாசம், 108 அரசாங்கத்தின் பணத்தில் ஓடுவது, 115 ஜனங்கள் போட்ட சில்லறையில் ஓடுவது. பாகிஸ்தானை ஆண்ட ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார், ஈதி திருப்பி அனுப்பிவிட்டார். வயதான காலத்திலும் ரோட்டோரம் உட்கார்ந்து துணியை விரித்துப் பிச்சை எடுத்திருக்கிறார். நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பிச்சை.

விருதுகளை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். மகசேசே விருது 1986-ல், மனைவி பில்கீஸோடு சேர்த்து. இன்னும் பல உண்டு. அவரிடம் இருந்ததோ இரண்டு ஜோடி உடுப்பு, ஒரு ஜின்னா குல்லா, அலுவலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. சம்பளம் கிடையாது.

நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். பிணம்.

ஆற்றில் மிதந்தது, கிணற்றில் ஊறியது, தண்டவாளத்தில் சிதறியது, நான்கு நாள் ஆகி யாரும் கிட்டே போக முடியாதது. நம்மில் பலருக்கு அந்த வாடை தெரியும். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் மூக்கை விட்டுப் போகாது. ஈதி அவற்றைத் தன் கையாலேயே தூக்கினார், தன் கையாலேயே குளிப்பாட்டினார். கராச்சிக்கு வெளியே மவாச் கோத் என்ற இடத்தில் யாரும் உரிமை கோராத உடல்களை அடக்கம் செய்ய ஒரு மயானம் வைத்தார். அங்கே பெயர்ப் பலகை கிடையாது, எண்தான். ஒவ்வோர் உடலையும் படம் எடுத்து, எண் கொடுத்து, அந்த எண்ணையே குழியின் தலைமாட்டிலும் எழுதி நட்டுவிடுவார்கள். 2015 ஜூனில் வெயில் கராச்சியில் ஆயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. சோராப் கோத்தில் இருந்த ஈதியின் பிணவறையில் இடம் போதவில்லை.

இந்துவையும் கிறிஸ்தவனையும் எதற்காக உங்கள் வண்டியில் ஏற்றுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். "உங்களைவிட என் ஆம்புலன்ஸ் நல்ல முஸ்லிம்" என்றாராம். கைதட்டுகிறீர்கள், சரி. ஆனால் அந்தப் பதிலுக்குக் கைதட்டல் மட்டும் கிடைக்கவில்லை. காஃபிர், அதாவது மார்க்கத்தை மறுப்பவன் என்றார்கள். தொட்டில் விஷயத்தில் இன்னும் மோசம். அவருடைய ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் ஒரு தொட்டில் இருக்கும். கொல்லாதே, இதில் போட்டுவிட்டுப் போ. அம்மா பெயர் கேட்கமாட்டார்கள், அப்பன் யாரென்றும் கேட்கமாட்டார்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நமக்கு நினைவிருக்கும். இங்கே அது பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது. அங்கே முறைதவறிப் பிறந்தது என்று குப்பைத்தொட்டியில் வீசப்பட்ட சிசுக்களுக்காக. தப்புக்குத் துணை போகிறார் என்று மதகுருமார்கள் சிலர் பாய்ந்தார்கள். அப்படி வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயராக ஈதியும் பில்கீஸும் நின்றார்கள்.

பில்கீஸைப் பற்றி நிறையப் பேச வேண்டும், இன்று நேரம் இல்லை. நர்ஸ் வேலைக்கு வந்த பெண், 1966-ல் கல்யாணம். முதலிரவன்று தலையில் அடிபட்டு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இதைக் கேட்டால் நாம் உருகுகிறோம். அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்கு ஓர் ஓரத்தில் தோன்றாமல் இல்லை. மகான்களின் வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசில்லை.

கீதா என்ற பெண்ணின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காதும் கேட்காது, வாயும் பேசாது. சின்ன வயதில் எப்படியோ ரயிலில் எல்லை தாண்டி லாகூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊர் பேர் சொல்லத் தெரியாத பிள்ளை. ஈதி இல்லத்துக்கு வந்தாள். பில்கீஸ் முதலில் ஃபாத்திமா என்றுதான் பெயர் வைத்தார். இந்தப் பிள்ளையோ கை கூப்புகிறது, பெரியவர்களின் காலைத் தொடுகிறது. பில்கீஸ் கவனித்தார். இது இந்துக் குழந்தை என்று புரிந்ததும் பெயரை மாற்றினார், கீதா என்று. கராச்சியில் இல்லத்துக்குள்ளேயே சாமி படங்கள் வைத்து ஒரு பூசை இடம் அமைத்துக் கொடுத்தார். ஐந்து வேளை தொழுகிற வீடு அது.

எல்லாரும் ஒன்று, எம்மதமும் சம்மதம் என்று நாம் மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுவதுகூட அவ்வளவு கஷ்டமில்லை. பேசத் தெரியாத, கேட்க ஆளில்லாத ஒரு பிள்ளையை நம்மவளாக ஆக்கிக்கொள்வது ரொம்பச் சுலபம், அதில் ஒரு புண்ணியக் கணக்கும் கிடைக்கும். அந்தச் சுலபத்தை வேண்டாம் என்று ஒதுக்கி, அவளுடையதை அவளுடையதாகவே வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்களே, அதைத்தான் நான் நட்பு என்று புரிந்துகொள்கிறேன். 2015 அக்டோபர் 26 அன்று பில்கீஸே குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு வந்து டெல்லியில் விட்டார். நம் பிரதமர் ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். நன்றி சொல்லி, வேண்டாம் என்றார்கள். ஜியாவுக்குக் காட்டிய அதே கை.

2016 ஜூலை 8-ல் ஈதி போனார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகியிருந்தது. வெளிநாட்டில் வைத்தியம் பார்க்கலாம் என்று வந்த அழைப்பை ஏற்கவில்லை. கண்களைக் கொடுத்தார். பல வருடம் முன்பே தனக்கென்று தோண்டிவைத்த குழியில் அடக்கம் ஆனார். அரசு மரியாதை, ராணுவ அணிவகுப்பு எல்லாம் நடந்தது. உயிரோடு இருந்திருந்தால் அந்தச் செலவுக்கு எத்தனை வண்டி வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

எனக்கு ஈதி எப்படி அறிமுகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறந்து கிடந்த ஒருவரைப் போலீஸ் கடிதம் வாங்கி நாங்கள் அடக்கம் செய்தோம். மாலை போட்டோம், கற்பூரம் ஏற்றினோம், திருப்தியாக வீட்டுக்குப் போனோம். நான்கு மாதம் கழித்து ஒருவர் வந்தார். செல்போனில் படத்தைக் காட்டி, இவர் என் அப்பா, புத்தி பிசகி வீட்டை விட்டு வந்துவிட்டார் என்றார். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "எந்த இடம்னு மட்டும் காட்டுங்க, போதும்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனோம். இடையில் மழைக்காலம் வந்துபோயிருந்தது. சீமைக்கருவேலம் இடுப்பு உயரம். அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் என்றார் ஒருவர், இல்லை அந்தப் பக்கம் என்றேன் நான். அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பொதுவாக ஓர் இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, கொண்டுவந்த பால் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மவாச் கோத்தின் படம் ஒன்று கண்ணில் பட்டது. வெட்ட வெளி, வரிசை வரிசையாக எண்கள். மறுநாளே செங்கல் சூளைக்குப் போய்க் கல் வாங்கினேன், பெயிண்ட் டப்பா வாங்கினேன். அதற்குப் பிறகு நாம் அடக்கம் செய்த ஒவ்வொருவருக்கும் எண் உண்டு, படம் உண்டு, நோட்டில் ஒரு பக்கம் உண்டு. சட்டைப்பையில் என்ன இருந்தது, கழுத்தில் கயிறா, சிலுவையா, தாயத்தா, எல்லாம் எழுதிவைக்கிறோம். யாராவது ஒரு நாள் வந்து கேட்டால் அவர்களுடையதை அவர்களிடம் கொடுக்க வேண்டும் அல்லவா? இதுவரை ஒன்பது பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரையும் நேராக அந்தக் கல்லிடம் கூட்டிப் போக முடிந்தது.

வேப்பமரத்துப் பக்கம் மட்டும் இன்னும் கல் நடவில்லை. எங்கே நடுவது என்று எனக்குத் தெரியவில்லை.