தெரியாத ஏரியில் இலையுதிர்காலப் பாஸ் போட்டி

வணக்கம் நேயர்களே.

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் போட்டிகள் களைகட்டிவிடும். அதுவரை படகே இறக்காத ஒரு ஏரியில் போட்டி அமைந்தால் எப்படி ஆயத்தமாவது? பொதுப்படையாகச் சொன்னால் யாருக்கும் உதவாது. அலபாமா மாநிலத்தின் கண்டர்ஸ்வில் ஏரியையே எடுத்துக்கொள்வோம்.

டென்னசி ஆற்றை மறித்து 1939-இல் கட்டி முடித்த அணையால் உண்டான நீர்த்தேக்கம் இது. நீளம் சுமார் 75 மைல், பரப்பு ஏறத்தாழ 69,000 ஏக்கர். 1976, 2014, 2020 என மூன்று முறை பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் போட்டி இங்கே நடந்திருக்கிறது. பயிற்சிக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று நாள். அதற்குள் இவ்வளவு தண்ணீரையும் பார்க்க ஒருவராலும் ஆகாது. எந்தத் தண்ணீரைப் பார்க்கவே வேண்டாம் என்று கழிப்பதுதான் பயிற்சி நாள்களின் முதல் வேலை.

கழிக்கும் வேலையை வீட்டிலேயே தொடங்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் போட்டி விதிகளைப் படியுங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஏரியில் இறங்கக்கூடாது, உள்ளூர்க்காரர்களிடம் தகவல் கேட்கக்கூடாது என்று பல போட்டிகளில் தடை உண்டு. தெரியாமல் மீறினாலும் மீறல்தான். பிறகு ஆழக்கோட்டு வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் பாசித்திட்டு எங்கே என்று காட்டும். வரைபடம் அந்தத் திட்டுக்கு அருகே பழைய ஓடைப் பள்ளம் ஓடுகிறதா என்று காட்டும். இரண்டும் சேருகிற இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, ஏரியில் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை மறந்துவிடலாம். மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும் ஓடிக்கொண்டிருப்பவர் தூண்டில் போடுவதைவிட மோட்டார் ஓட்டுவதில்தான் நாளைக் கழிப்பார்.

இலையுதிர்காலத்தில் பாஸ் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை ஷாட் மீனிடம் இருக்கிறது. விரல் நீளமுள்ள இந்த வெள்ளி மீன்கள், தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கூட்டங்கூட்டமாக ஓடைகளுக்குள் ஏறும். பாஸ் அவற்றைப் பின்தொடரும். வெப்பநிலை 75 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும்போது பெரும்பாலும் ஓடை வாயிலும் அதற்குச் சற்று உள்ளேயும் காண்பீர்கள். 60-களில் இறங்கிவிட்டால் ஓடையின் கடைக்கோடி வரைகூடப் போயிருக்கும்.

முதல் நாள் ஒரே ஓடையை வாயிலிருந்து கடைசி வரை பாருங்கள். பிரௌன்ஸ் கிரீக், டவுன் கிரீக், நார்த் சாட்டி, சவுத் சாட்டி, மட் கிரீக் என்று இங்கே ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. மனத்தில் அதை மூன்று பங்காக வகுத்துக்கொள்ளுங்கள்: வாய், நடு, கடை. ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் சோனார் திரையில் ஷாட் கூட்டம் மேகம்போலத் தெரியும். தண்ணீர்மேல் சின்னச் சின்னத் துள்ளல் தெரிகிறதா, கொக்கு வரிசையாக நிற்கிறதா என்றும் பாருங்கள். இரை எந்தப் பங்கில் நிற்கிறதோ, பக்கத்து ஓடையிலும் நேராக அதே பங்குக்குப் போங்கள். அங்கேயும் நின்றால் உங்களுக்கு ஒரு ஒழுங்கு கிடைத்துவிட்டது. ஓர் இடம் தெரிந்தவரிடம் இன்னொரு படகு வந்து நின்றுவிட்டால் கதை முடிந்தது. ஒழுங்கு தெரிந்தவர் அடுத்த ஓடைக்குப் போவார். தெரியாத ஏரியில் உள்ளூர்க்காரருக்கு ஈடுகொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏரியின் தனிச்செல்வம் பாசி. ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் நீர்மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடக்கும். ஹைட்ரில்லா நம் பக்கத்துக் குளங்களில் கிடக்கும் அதே செடிதான். 1950-களில் மீன்தொட்டி வணிகத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு வந்து, அங்கிருந்து தென்மாநில நீர்நிலைகளில் பரவியது.

எல்லாப் பாசித்திட்டும் மீன் தராது. பழுப்பாகி, அழுகல் வாடை அடித்தால் விலகுங்கள்: அழுகும் செடி தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் அங்கே நிற்காது. பச்சையாக இருக்கும் திட்டின் அருகே மோட்டாரை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். அடியிலிருந்து ‘சப், சப்’ என்று சத்தம் வந்தால் புளூகில் மீன்கள் பூச்சி தின்கின்றன. பெரிய பாஸும் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். திட்டின் ஓரம் ஒரு பள்ளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

திட்டின் மேல் உள்கூடான ரப்பர்த் தவளை என்ற போலி இரையை ஓட்டுவதற்கு 7 அடிக்குக் குறையாத கனத்த தூண்டில் கோலும் (ராட்) 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் தவறு அவசரம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுத்துவிடும். மீனின் வாயிலிருந்து தவளை வெளியே வந்துவிடும். கனம் ராடில் தெரியும்வரை பொறுத்து, பிறகு ஓங்கி இழுங்கள். தவளையை முட்டிவிட்டுக் கவ்வாமல் போனால், அதே இடத்தில் பாசியைத் துளைத்து இறக்குங்கள். 1 முதல் 1½ அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, தண்டு நேரான 4/0 முள், சிறிய உடலுள்ள ரப்பர் இரை. குண்டு நரம்பில் நகராதபடி ரப்பர் தடுப்பான் போடாவிட்டால் குண்டு கீழே போகும், இரை பாசியின் மேலேயே தங்கிவிடும்.

ஓடைக்குள் ஷாட் மேயும் இடங்களுக்கு வேறு கருவி: சுழலும் தகடுள்ள வெள்ளை ஸ்பின்னர்பெய்ட், முன்நாக்கு இல்லாத மீன்வடிவப் போலி இரையான அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட், காலையில் நீர்மேல் ஓட்டும் போலி இரை. போலி இரையின் நிறத்தைவிட அளவு ஷாட்டோடு ஒத்துப்போவது முக்கியம்.

நீரோட்டத்தை மறக்காதீர்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அணைகளில் தண்ணீர் திறக்கும் விவரத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. நீர் ஓடும்போது கரை முனைகளிலும் பாலத்தடியிலும் மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும், ஓட்டம் நின்றால் மீன் கலைந்துவிடும். கோடையில் கடல்மட்டத்துக்கு மேல் 595 அடியாக இருக்கும் நீர்மட்டம் குளிர்காலத்துக்கு 593 அடிக்கு இறங்கும். இரண்டடிதானே என்று எண்ண வேண்டாம். 3 அடி ஆழத் திட்டில் அது மூன்றில் இரண்டு பங்கு. இன்னொன்று: இலையுதிர்காலத்தில் மேல்நீரும் அடிநீரும் புரண்டு கலந்து மீன்பிடி கெடும் என்பார்கள். அதே மாநிலத்தின் ஆழமான ஸ்மித் ஏரி போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஓட்டமுள்ள, ஆழமற்ற இந்த ஏரியில் அந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை.

இரண்டாம் நாள், கண்ட ஒழுங்கைச் சோதியுங்கள். முள்முனையை வளைத்துவிட்டோ, முள்ளை எடுத்துவிட்டோ போடுங்கள். கவ்வுகிறதா என்று தெரிந்தால் போதும். இன்று குத்திய மீன் நாளை மறுநாள் வாய் திறக்காது. வானம் தெளிந்த குளிர்காற்று நாள் வந்தால் மீன் மேய்வதை நிறுத்திப் பாசிக்குள் ஒடுங்கும். அந்த நாளுக்கென்று துளைக்கும் இடங்கள் இரண்டைத் தனியே குறித்து வையுங்கள்.

மூன்றாம் நாள் பாதி போதும். புறப்படும் துறையிலிருந்து உங்கள் இடம்வரை ஓட்டி நேரம் குறியுங்கள். சென்ற தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். படகுவழியைக் காட்டும் மிதவைகளுக்கு வெளியே நீருக்கடியில் மர அடிக்கட்டைகள் நிறைய. பெரிய மோட்டார் ஒரு கேலனுக்கு 3, 4 மைல்தான் தரும். 40 மைல் போய்த் திரும்ப 20 கேலனுக்கு மேல் ஆகும். இலையுதிர்காலக் காலைகளில் வெதுவெதுப்பான நீர்மேல் மூடுபனி கட்டும், புறப்பாடு தள்ளிப்போகும். தூரத்து இடம் ஒன்றையே நம்பியிருந்தால் அன்று மாட்டிக்கொள்வீர்கள். துறைக்கு 10 நிமிடத் தொலைவில் மாற்று இடம் ஒன்று அவசியம். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொண்டு ஓட்டுவது 2021 ஏப்ரல் முதல் கூட்டாட்சிச் சட்டம்.

பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் படகுத் தொட்டியையும் அன்றே கவனியுங்கள். அக்டோபர்த் தொடக்கத்தில் தண்ணீர் இன்னும் சூடு. 30 கேலன் தொட்டியில் 8 பவுண்டு பனிக்கட்டி 5, 6 டிகிரி குறைக்கும். அதற்கு மேல் குறைத்தால் மீனுக்கு அதிர்ச்சி. குழாய்நீரின் குளோரின் கலக்காதபடி பனிக்கட்டியை மூடிய பாட்டிலிலேயே உறையவைத்துப் போடுங்கள். அயோடின் சேராத உப்பு முக்கால் பவுண்டு கரைத்தால் 0.3 சதவீதம் வரும். காற்றுப் பம்பு நாள் முழுக்க ஓடட்டும்.

கடைசியாக, கடிகாரம். பல போட்டிகளில் ஒரு நிமிடத் தாமதத்துக்கு மீனின் மொத்த எடையில் ஒரு பவுண்டு கழிப்பார்கள். ஏரியின் மேல்கோடி ஜார்ஜியா எல்லையை நெருங்குகிறது. அங்கே கைப்பேசி கிழக்கு நேரத்துக்கு மாறிவிடலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று நாட்டின் நேரமே ஒரு மணி பின்னுக்குப் போகும். அதனால் கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டி, போட்டிக்கு முந்தைய நாள் மாலை போட்டி அலுவலர் சொல்லும் நேரத்தோடு ஒத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.