விளையாட்டு விழா மைதானத்தில் கட்டை வேஷம்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் தெருக்கூத்தை எப்படி ஆட வைக்கலாம் என்று பார்ப்போம்.

பெரிய போட்டிகளின் தொடக்க விழா என்றால் வாணவேடிக்கைதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. 2008 ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் அதைவிட நல்லதொன்று இருந்தது. 897 அச்சுக்கட்டைகள் அலை அலையாக ஏறி இறங்கி எழுத்துகளாகவும் நெடுஞ்சுவராகவும் மாறின. இயந்திரம் என்றே தோன்றியது. முடிவில் ஒவ்வொரு கட்டையின் மூடியும் திறக்க, உள்ளேயிருந்து ஆட்கள் எழுந்து கையசைத்தார்கள். தங்கள் நாட்டு அச்சுக்கலையின் பெருமையை அவர்கள் வாயால் சொல்லவில்லை. அச்சுக்கோக்கும் வேலையையே ஆட்டமாக்கிக் காட்டினார்கள்.

2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் கமல்ஹாசன் குரலில் தமிழர் வரலாறு ஒலித்தது. அது உள்ளரங்கம், குரல் எடுபட்டது. திறந்தவெளியில் சங்கதியே வேறு.

வேலூர் விளையாட்டுக்குப் பேர்போன ஊர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கியவர். இங்கே ஒரு போட்டியைத் தொடங்கும்போது கரகம், பொய்க்கால் குதிரை, சிலம்பம் என்று தலைக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவது சரியில்லை. எதுவும் சூடு பிடிப்பதற்குள் அடுத்த குழு வந்துவிடும். ஒரே கலைக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

வடாற்காடு தெருக்கூத்துக்குக் கொடுங்கள் என்பேன். செய்யாறு பக்கம் புரிசையில் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கலை. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கியவை. இவற்றைப் பூண்டு வருவதுதான் கட்டை வேஷம். ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ராஜா ராஜாவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஆளின் அகலத்தை அப்படிக் கூட்டினார்கள். ஆகவே மைதானத்துக்கு இது பொருந்தும். கட்டை வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, முதலில் கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டி, பிறகுதான் வெளியே வந்து கிறுகிறுவென்று சுற்றுவார். அந்தத் திரைப் பிரவேசத்தைச் சுருக்கிவிட்டால் மிச்சம் வெறும் உடுப்புதான்.

கெடுவது பெரும்பாலும் ஓசையில். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மைதானத்தின் ஒரு கோடியில் அடிக்கும் அடி 100 மீட்டர் தாண்டி மறுகோடிக்குப் போக ஏறக்குறைய 0.3 நொடி. வேகமான நடையில் அது ஒரு தட்டே பிசகிப்போகும் நேரம். மேளம் அடிப்பவர்களை மைதானத்தைச் சுற்றிவர நிறுத்தினால் ஒருவர் அடி இன்னொருவர் அடியைத் துரத்தும். எல்லோரும் பத்து மீட்டருக்குள் நெருங்கி நிற்கட்டும். தூரத்தில் ஆடுபவர்கள் காதை நம்பாமல், மேட்டில் நின்று தாளம் காட்டுபவரின் கையைப் பார்த்து ஆடட்டும்.

கூடவே பறையும் அடிப்பதானால் அதற்குத் தீ வேண்டும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால்தான் தோல் முறுகும். அனல் தணிந்தால் தொய்ந்து சத்தம் மந்தமாகும். அரங்கத்துக்குள் நெருப்புக்கு அனுமதி கிடைக்காது. வாயிலுக்கு வெளியே இடம் கேட்டு வாங்கி, தண்ணீர் வாளியும் ஓர் ஆளும் வைத்துக் காய்ச்சி, அமைச்சர் பேச்சு முடிகிற நேரத்துக்கு உள்ளே கொண்டுவர வேண்டும். பேச்சு நீண்டுபோனால் மறுபடியும் காய்ச்சத்தான் வேண்டும். அதனால் ஆட்டத்தை முன்னால் வைத்து, பேச்சைப் பின்னால் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டை வேஷத்தோடு யாரையும் காக்க வைக்காதீர்கள். மாலை ஆறுக்கு மேல் தொடங்கினால் அணிவகுப்பில் நிற்கும் பிள்ளைகளுக்கும் நல்லது, விளக்கொளியில் கண்ணாடித் துண்டுகளும் மின்னும்.

வணக்கம்.