பிரஷர் பார்க்கிற மேசை

நேயர்களுக்கு, குறிப்பாக ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் வந்தவரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை வரவிடாமல் தடுக்கும் வேலை நடக்கவேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்க்கிற மேசை. அங்கேதான் பல நேரம் கோட்டை விடுகிறோம்.

பஸ் இறங்கி வேகமாக நடந்து வந்தவரை உட்கார்ந்ததும், சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். தொங்கினால் அளவு கூடும். சிறுநீர் முட்டினாலும் கூடும். காபி, பீடியெல்லாம் அரை மணி முன்பே நின்றிருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். பெரிய பட்டை ஒன்று வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

வெவ்வேறு நாளில் பார்த்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90ஐத் தொட்டால் அது ரத்த அழுத்த நோய்தான். பெரும்பாலும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்குவோம். ஒரு மாதம் கழித்து வரும்போது மேல் அளவு 160 இருந்தும், "போன தடவை கொடுத்ததே போதும்" என்று சீட்டில் எழுதி அனுப்புவது டாக்டர் செய்கிற தப்பு. நோயாளிமேல் பழி போட முடியாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்கிறாரா என்று கேட்க வேண்டும். வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும், வலி மாத்திரை எதுவும் தின்னாமலும் இருந்தால் மருந்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது அடுத்த மருந்தைச் சேருங்கள்.

அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். முதல் நாளே சொல்லாவிட்டால் "கிட்னி போச்சு" என்று பயந்து, சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நல்லதுதான். ஆனால் வீட்டில் எடுத்த அளவை டாக்டர் பார்க்காவிட்டால் அதே மாத்திரைதான் மாதாமாதம் போகும். ஆகவே வாரம் ஒரு நாள் நோயாளிகளின் அட்டைகளைப் புரட்டி, பிரஷர் இறங்காதவர்களையும் வராதவர்களையும் தனியே எடுத்துப் போன் போடுங்கள். பாதிப் பேர், "பிரஷர் குறைஞ்சிருச்சுங்க, அதான் நிறுத்திட்டேன்" என்பார்கள். "குறைஞ்சதே மாத்திரையாலதாம்மா, நாளைக்கே வந்து வாங்கிக்குங்க" என்று டாக்டரே சொல்ல வேண்டும்.