டைனமோவில் கேட்ட செய்தி

வணக்கம் நேயர்களே. வானொலியில் பேச வாருங்கள் என்று அழைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அப்பாவின் சைக்கிள்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஏனென்று விளங்கும். போர்க்காலம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்போம். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிவிடும்.

பொம்பர் சத்தம் கேட்டால் பெடலை விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓட வேண்டும். ‘ட’ வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கர். மூலை திரும்பி இருந்தால் சிதறல் நேரே உள்ளே வராது. அம்மம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அவரை இறக்குவதற்குள் விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண நகரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்ல மழை. அம்மம்மாவைக் காரியரில் இருத்தி, பாரில் அரிசிப் பையைக் கட்டி, அப்பா சைக்கிளை உருட்டினார். செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், கைதடி. ஓர் அடி வைப்போம், நிற்போம், அப்புறம் இன்னோர் அடி. சனம் அப்படி. தாகத்துக்குக் குடையை மல்லாத்திப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தோம். “காரியரை விட்டிடாதை பிள்ளை” என்று அப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். சாவகச்சேரிக்குப் போய்ச்சேர மறுநாள் மத்தியானம் ஆனது.

இடம்பெயர்வு என்ற சொல் எனக்கு இன்றும் ஒத்துவரவில்லை. ஏதோ மேசையை அரக்கி வைத்ததுபோல இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டுக் குடும்பங்கள் ஒதுங்கினோம். அன்றிரவு அப்பா சைக்கிளைக் கவிழ்த்தார், நான் சுற்றினேன். லட்சக்கணக்கான சனம் ஊரை விட்டு வெளியேறி மழையில் நிற்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்த அம்மம்மா காதைக் கொடுத்துக் கேட்டார்.

“ஐயோ, பாவங்கள். எந்த ஊர்ச் சனமாம்?” என்றார்.

அப்பாவும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. நான் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.