சீட்டில் எழுதியது வீடு போய்ச் சேர்ந்ததா?

அனைவருக்கும் வணக்கம். கிராம சுகாதார செவிலியர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் என மூன்று தரப்பும் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மலைவாழ் மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்தில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இருக்கும்: ‘மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.’ அந்த மக்களிடம் யார் போனார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், எத்தனை நிமிடம் சொன்னார்கள் என்று அதே ஏட்டில் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அளக்காமல், கேட்டவர் மேல் பழி போடும் வாக்கியம் அது. அதை எழுதும் உரிமை வேண்டுமென்றால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

எண்ணிலிருந்து தொடங்குவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 85 விழுக்காடு. மாநிலச் சராசரி 80தான். இதைப் பார்த்தால் இங்கே குறையே இல்லை என்று தோன்றும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு. நீலகிரியின் மக்கள்தொகை ஏறக்குறைய 7 லட்சத்து 35 ஆயிரம், அதில் பழங்குடியினர் நூற்றுக்கு நாலரைப் பேர். அவர்கள் நிலை எப்படி இருந்தாலும் மாவட்டச் சராசரி அசையாது. இன்னொன்று, கணக்கெடுப்பில் யாருக்கும் வாசிப்புத் தேர்வு வைப்பதில்லை. 7 வயதைத் தாண்டியவருக்கு ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும் என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும்.

மாதிரி எடுப்பதிலும் இதே கதை. மாவட்டம் முழுக்க 400 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் பழங்குடியினர் சுமார் 18 பேர் வருவார்கள். அதில் 9 பேர் ‘ஆம்’ என்றால் 50 விழுக்காடு என்று அட்டவணையில் போடுவோம். 18 பேரை வைத்துச் சொல்லும் அந்த 50, உண்மையில் 27 முதல் 73 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று பேர். மூன்று பேரை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி எழுதக் கூடாது. ஒவ்வொரு பிரிவையும் தனி அடுக்காக, அதாவது தனியாக மாதிரி எடுக்கும் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் புள்ளி முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் ஓர் அடுக்குக்கு 96 பேர். ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் அதை இரட்டித்து 200 பேராக வைப்பது நல்லது. மாவட்ட அளவுக்குக் கூட்டும்போது, ஒவ்வொரு பிரிவும் மக்கள்தொகையில் எத்தனை பங்கோ அதற்கேற்ப அதன் எடையை மறுபடி சரிசெய்ய மறக்கக் கூடாது. மறந்தால் மாவட்டச் சராசரியே கோணிப் போகும்.

1971இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராம மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் ‘லான்செட்’ இதழில் ஒரு விதியை எழுதினார். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ஆய்வுக்கும் அது அப்படியே பொருந்தும். யாரைப் பற்றி நமக்கு அதிகம் தெரிய வேண்டுமோ அவர் வீட்டு வாசலுக்கு நம் கேள்வித்தாள் போவதில்லை.

ஏன் போவதில்லை? தடுப்பூசிக் கணக்கெடுப்புக்காக உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய முறை ஒன்று உண்டு. 30 ஊர், ஊருக்கு 7 குழந்தை. ஊர் நடுவில் நின்று ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு, அடுத்தடுத்த வீடாகப் போக வேண்டும். சமவெளிக்கு அது ஓரளவு சரி. இங்கே அடுத்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஏழு வீடும் ஜீப் பாதையோரமே முடிந்துவிடும். வருவாய்க் கிராமப் பட்டியலும் உதவாது, ஒரே கிராமப் பெயருக்குள் மந்து, கோக்கால், ஹட்டி, பதி என்று ஒவ்வொரு சமூகமும் தன் பெயரில் அழைக்கும் குடியிருப்புகளும், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லைன் வீடுகளும் எல்லாம் அடங்கிவிடும். முதலில் குடியிருப்புப் பட்டியல் தயாரியுங்கள். செவிலியரின் பதிவேட்டையும் அங்கன்வாடிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்களைக் குறியுங்கள். விடுபட்ட அந்தப் பெயர்கள்தான் உங்கள் ஆய்வின் இதயம்.

நேரம் அடுத்த சிக்கல். பகலில் போனால் தேயிலை பறிக்கப் போனவர்கள் இருக்க மாட்டார்கள், பாட்டியும் சிறுபிள்ளைகளும்தான் பதில் சொல்வார்கள். இருட்டிய பிறகு போக யானை விடாது. மிஞ்சுவது ஞாயிறு காலையும், தோட்டத்தில் இலை நிறுக்கும் இடத்தில் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களும்தான். ஆனால் நிறுக்கும் இடத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி காது கேட்கும் தூரத்தில் நிற்பார். அங்கே வீட்டு முகவரியும் சந்திக்கத் தோதான நேரமும் மட்டும் கேளுங்கள், உடம்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்போது எதை அளக்கிறோம் என்பதற்கு வருவோம். உடல்நலத் தகவலைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை, அதாவது உடல்நல எழுத்தறிவை அளக்க 1990களில் அமெரிக்காவில் ‘ரியல்ம்’ என்றொரு சோதனை வந்தது. 66 மருத்துவச் சொற்களைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் நேரடி உறவு இல்லை. அதனால் சரியாக உச்சரிப்பவர் அந்தச் சொல்லை முன்பே அறிந்தவராக இருப்பார் என்ற ஊகம் அங்கே ஓரளவு நிற்கும். தமிழில் அந்த ஊகம் விழுந்துவிடும். எழுத்துக்கூட்டத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘ஹீமோகுளோபின்’ என்று பிசகாமல் வாசிக்கும், பொருள் ஒரு துளியும் தெரியாது. இதை மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் எல்லாரும் தேறிவிடுவார்கள், நாமும் ஏமாந்துவிடுவோம். 2005இல் வந்த இன்னொரு சோதனை ஐஸ்கிரீம் டப்பாவின் ஊட்டச்சத்து அட்டையைக் காட்டி ஆறு கேள்வி கேட்கிறது. நம் லைன் வீடுகளுக்கு எந்த அட்டை வருகிறதோ அதை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே பொருளைக் கையில் கொடுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, கலக்கும் பாத்திரத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. வாயால் ‘ஒரு லிட்டர்’ என்று சரியாகச் சொல்பவரும் பாத்திரம் எடுக்கும்போது தவறலாம். காய்ச்சல் மருந்துப் புட்டியில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. மூடியோடு வரும் அளவுக்கோப்பையில் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தே தெரியாத அம்மா தராசு முள்ளைத் துல்லியமாகப் படிப்பார், ஏனென்றால் அவர் கூலியே அந்த முள்ளில் இருக்கிறது. அவரைப் ‘படிப்பறிவற்றவர்’ என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நகர்வது அளவை முறையின் பிழை. ‘கைநாட்டு’ என்ற வசவை ஆய்வுக் குழுவுக்குள்ளும் யாரும் சொல்லக் கூடாது.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கேள்வித்தாளில் ‘உயர் ரத்த அழுத்தம்’, ‘நீரிழிவு’ என்று இருக்கும். ஊரில் ‘பிரஷர்’, ‘சுகர்’. இது எளிதில் சரியாகும். ‘சோகை’ அப்படியல்ல, அது உயிருக்கே சிக்கல் தரும் சொல்.

ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துச் சிதைத்து ரத்தசோகை தரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, அரிவாள் செல் நோய். நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று இந்த மலையிலிருந்து வந்தது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நல்லது. ஆனால் சீட்டில் என்ன எழுதிக் கொடுக்கிறோம்? முதலில் செய்யும் கரைதிறன் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அவருக்கு நோயா, அல்லது மரபணுவைச் சுமப்பவர் மட்டும்தானா என்பதை அந்தச் சோதனை பிரிக்காது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் சோதனை செய்த பிறகே தெரியும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கரைதிறன் சோதனை தவறாக ‘இல்லை’ என்றும் காட்டும். இடையில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் ஊருக்குள் போனால் ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகலாம். இரண்டாவது சோதனை முடியும் வரை அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டாம்.

அடுத்து, ‘ரத்தசோகை’ என்று கேட்டதும் எல்லார் நினைவுக்கும் வருவது இரும்புச்சத்து மாத்திரை. அரிவாள் செல் நோயில் ரத்த அணுக்கள் சிதைவதால் ரத்தம் குறைகிறது. இரும்புக் குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, அவர்களுக்கு வழக்கமாகத் தருவது ஃபோலிக் அமிலம். இரண்டையும் ‘சோகை’ என்றே சொன்னால் பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடுவார்கள். அரிவாள் செல் நோயை நீங்கள் ‘சிக்கிள் செல்’ என்றே சொல்லுங்கள், அந்தப் பெயர் ஊரில் ஏற்கெனவே பழகிவிட்டது.

தாய், தந்தை இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ‘நாலில் ஒரு குழந்தைக்கு நோய்’ என்று விளக்குகிறோம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று அதைப் புரிந்துகொள்வது இயல்பு. இரண்டு நாணயம் எடுங்கள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. இரண்டையும் சேர்த்துச் சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தால் அவரிடமிருந்து அந்த மரபணு குழந்தைக்கு வருகிறது. இரண்டும் பூவாக விழுந்தால் நோய். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகச் சுண்ட வேண்டும் என்பது பத்து முறை சுண்டியதும் கைக்கே புரிந்துவிடும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தோடு ஆசிரியர்களே இதைச் செய்யலாம்.

புரிந்ததா என்று எப்படி அளப்பது? ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் உங்க மாமியார்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். கர்ப்பிணிக்கான இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொண்டால் திரும்பி வர வேண்டிய செய்தி மூன்று. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள அதைத் தினம் ஒன்றாக 180 நாள் போட வேண்டும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். செய்திக்கு ஒரு மதிப்பெண். தேயிலைச் சீமையில் இரண்டாவது செய்திதான் கனமானது, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரையும் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் ஒன்றாகத்தான் உள்ளே போகும், தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. மூன்றுக்கு ஒன்று வாங்கினால், அது சொன்னவரின் மதிப்பெண். மறுபடி வேறு விதமாகச் சொல்லி, மறுபடி கேளுங்கள். எத்தனையாவது சுற்றில் மூன்று வந்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். எனக்கு அந்த எண்தான் ஆய்வேட்டின் மற்ற எல்லா அட்டவணையையும் விடப் பயனுள்ளது.

சம்மதம் பற்றிச் சுருக்கமாக. படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது சார்பில்லாத, எழுத்தறிந்த சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. எஸ்டேட் மேஸ்திரியும் விடுதிக் காப்பாளரும் சார்பில்லாதவர்கள் ஆக முடியாது. ஊர்த் தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

பகுப்பாய்வில் வரும் பெரிய பொறி ஒன்று. தாயின் படிப்பு குழந்தை உயிரைக் காக்கிறது என்று 1979இல் நைஜீரியத் தரவுகளை வைத்து எழுதியவர் கால்ட்வெல். ஒப்பிலக்கணம் எழுதிய நம் கால்டுவெல் அல்லர், இவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகையியல் அறிஞர் ஜான் கால்ட்வெல். 1998இல் சோனால்டே தேசாயும் சௌமியா அல்வாவும் 22 நாடுகளின் தரவை எடுத்து, வீட்டு வசதியையும் வாழும் இடத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்தத் தொடர்பு பெரிதும் இளைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். இங்கே படித்த தாய் பெரும்பாலும் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பார். படிப்பு காத்ததா, பேருந்து காத்ததா? தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல், நடக்கும் நேரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், இழக்கும் கூலி மூன்றையும் கேட்டால்தான் இதைப் பிரிக்க முடியும். கூடலூரிலிருந்து உதகை சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் ஒருநாள் கூலி போய்விடும்.

முடிவுகளை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். 12 வீடுள்ள குடியிருப்பின் பெயரைப் போட்டு ‘இருவருக்கு நோய்’ என்று எழுதினால் அந்த இருவர் யார் என்று ஊருக்கே தெரியும். ஐந்துக்குக் கீழே உள்ள எண்ணை அக்கம்பக்கக் குடியிருப்புகளோடு சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். தனிநபர் முடிவை அவரவர் கையில், அவரவர் மொழி தெரிந்தவர் வாயால் கொடுங்கள். சிக்கிள் செல் நோயுள்ள குழந்தையின் வீட்டில் ‘காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்ற ஒரு செய்தியையாவது தாய், தகப்பன், பாட்டி மூவரிடமும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு எழுந்து வாருங்கள்.