குதித்து இறங்கும்போது முட்டியைப் பாருங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம், மாந்தோப்பை ஒட்டிய ஒரு மைதானத்தில் நிற்கிறேன். பின்னால் கபடிப் பிள்ளைகள் வார்ம்-அப் செய்கிறார்கள், சத்தம் கொஞ்சம் இருக்கும்.

முதலில் இதைப் பாருங்கள். ஒரு அடி உயரப் படி. போனைச் செங்கல்லில் சாய்த்து, முட்டி உயரத்தில் வைத்திருக்கிறேன். கபடிப் பிள்ளைகளில் ஒருத்தி அதில் நிற்கிறாள். அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன், முகம் வராது. "குதி கண்ணு" என்றேன், குதித்தாள். இப்போது ஸ்லோமோஷனில் ஓட்டுகிறேன். பாதம் தரையில் பட்டதும் இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து இடித்துக்கொள்ளப் போகின்றன, தெரிகிறதா? வலது பாதத்தின் உள்வளைவும் அமுங்குகிறது.

முட்டி முன்னும் பின்னும் மடங்குவதற்கானது. உள்ளே சாய்ந்து திருகினால், முட்டிக்குள்ளே எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு இழுபடும். யாரும் மேலே விழாமல், ஓடித் திரும்பும்போதே அறுந்துபோவது இப்படித்தான். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். எனக்கு 19 வயதில் முட்டியில் 'டப்'பென்று கேட்டது. எண்ணெய் போட்டு உருவிவிட்டு, அடுத்த வாரமே ஆடவிட்டார்கள். அதோடு என் ஆட்டம் முடிந்தது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பெரும்பாலும் குறை முட்டியில் இல்லை. இடுப்பின் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ் என்றொரு தசை. அதற்குத் தெம்பில்லை என்றால் தொடை உள்ளே சரியும், முட்டியும் கூடவே போகும். சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி இரண்டு தொடையையும் சுற்றி முட்டிக்கு மேலே கட்டுங்கள். பாதி உட்கார்ந்தபடி பக்கவாட்டில் 10 எட்டு எடுத்து வைக்கணும், திரும்ப 10. இடுப்புப் பக்கம் காந்த வேண்டும்; தொடை முன்னால் மட்டும் வலித்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒற்றைக்காலில் 30 விநாடி. அது சுலபமானால் நிற்கும்போதே பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். கடைசியாக அதே படி: சத்தம் வராமல் இறங்கணும், முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கணும். வாரம் 3 நாள் போதும். கால்பந்துக்கு ஃபிஃபா கொடுத்த 11 பிளஸ் வார்ம்-அப்பிலும் ஒற்றைக்கால் பேலன்ஸும் குதித்து இறங்குவதும் உண்டு, மொத்தமே 20 நிமிடம்தான்.

முட்டி வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது நழுவினாலோ இதெல்லாம் வேண்டாம், நேராக எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உருவிவிடாதீர்கள்.

சரி, 6 வாரம் கழித்து இதே படியில் இந்தப் பிள்ளையைக் குதிக்க வைத்து, இரண்டு வீடியோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.